காரின் தலையில் சைக்கிள்!

சித்திரை மாதம். ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணி.

திருமழிசை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை திறந்து விட்டது. பெங்களூர் நெடுஞ்சாலையில் ஒரு சின்னக் கார் மெதுவாக ஏறுகிறது. அதன் தலையில் இரண்டு சைக்கிள்கள். ஒன்று பெரியது, இன்னொன்று சிறுவன் ஓட்டுவது. பக்கத்திலே தார்ப்பாயில் சுற்றிய கூடார மூட்டை. காருக்குள் தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு நடுவே தலையணை, பாய், வாளி, ஸ்டவ், இட்லிப் பானை!

டீ குடித்துக் கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். "வீட்டையே தூக்கிக்கிட்டுப் போறாங்கப்பா!" என்றார் ஒருவர். பிள்ளைகள் கையசைத்தார்கள். சின்னச் சைக்கிளின் சக்கரம் காற்றிலே தானாகச் சுற்றியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தண்டலம் பக்கம் எதிர்த் திசையிலே ஒரு பெரிய கன்டெய்னர் லாரி வந்தது. அது வீசிய காற்றிலே கார் ஓர் ஆட்டம் ஆடியது. சின்னச் சைக்கிளின் கைப்பிடி திரும்பியது. கயிறு நழுவியது. சைக்கிள் சாலையிலே விழுந்து, இரண்டு முறை துள்ளிக் குதித்தது.

பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து கொண்டிருந்தார். இராத்திரி ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி. சைக்கிள் மேல் மோதாமல் இருக்க வண்டியை ஓரத்துக்குத் திருப்பினார். சரளைக்கல்லில் சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்!

நல்ல வேளை. தலையிலே ஹெல்மெட் இருந்தது. முழங்கையும் முழங்காலும் சிராய்ந்ததோடு போயிற்று. அவருக்குப் பின்னால் வந்த லாரி டிரைவர் அரைக் கணம் தாமதித்து பிரேக் போட்டிருந்தால், இந்தக் கட்டுரை வேறு விதமாக இருந்திருக்கும்.

அந்தக் காரை ஓட்டிய தகப்பன் யார் தெரியுமா?

நான்தான்.

அவர் கேட்ட கேள்வி

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கட்டுப் போட்டார்கள். செலவைக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சார், உங்க பிள்ளை விளையாடச் சைக்கிள் எடுத்துட்டுப் போனீங்க. தப்பில்லை. என் பிள்ளை என்ன பண்ணும்னு ஒரு நிமிஷம் நினைச்சீங்களா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். காரிலே சைக்கிளும் கூடாரமும் ஏற்றிக் கொண்டு குடும்பத்தோடு வெளியூர் போவது குற்றமல்ல. அதைத் தடை செய்ய வேண்டியதும் இல்லை. ஆனால், சாலையில் போகிற மற்றவர்களின் உயிரைக் கயிற்றிலே தொங்க விட்டுக் கொண்டு போகும் உரிமை நமக்குக் கிடையாது.

2022-ம் ஆண்டில் மட்டும் இந்திய சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இது மத்திய அரசாங்கம் வெளியிட்ட கணக்கு. அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இரண்டு சக்கர வண்டிகளில் போனவர்கள். காருக்குள் இருப்பவனுக்கு நாலு பக்கமும் தகடு. மோட்டார் சைக்கிளில் வருகிறவனுக்கு என்ன பாதுகாப்பு? நாம் கட்டிய முடிச்சுத்தான்!

தாத்தா காலத்துக் கேரியர்

"அந்தக் காலத்தில் அம்பாசடர் காரின் தலையிலே கல்யாண வீட்டுச் சாமான் பூராவும் ஏற்றுவோமே! அப்போது விழவில்லையே?" என்று என் மாமா கேட்டார்.

நல்ல கேள்விதான். பழைய அம்பாசடரும் பியட்டும் இப்போதைய கார்களைப் போல அல்ல. அவற்றின் கூரை ஓரத்திலே மழைத் தண்ணீர் வடிவதற்காக இரும்பு விளிம்பு ஒன்று ஓடும். கேரியரின் கால்களை அந்த விளிம்பிலே மாட்டி, திருகி, இறுக்கி விடுவார்கள். அதன் மேல் இரும்புக் கம்பிச் சட்டம். அந்தச் சட்டத்திலேதான் பெட்டி படுக்கைகளைக் கட்டுவார்கள். அதாவது, சாமான் காரோடு கட்டப்பட்டிருந்தது. கார்க் கூரையின் மேலே சும்மா கிடக்கவில்லை.

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்று விட்டது. புதிய கார்களில் அந்த விளிம்பு கிடையாது. கூரை வழவழவென்று இருக்கிறது. அதற்குத் தகுந்த கேரியரைப் பொருத்தாமல், ஒரு பழைய போர்வையை விரித்து, சைக்கிளைப் படுக்க வைத்து, கயிற்றை இரண்டு கதவு வழியாகவும் நுழைத்துக் கட்டினேன். அதுதான் நான் செய்த முதல் தவறு.

அப்போது வேகமும் வேறு. பழைய ஒற்றைச் சாலையில் மாட்டு வண்டிக்கும் ஆட்டு மந்தைக்கும் வழி விட்டு ஊர்ந்து போனார்கள். இன்றைய பெங்களூர் சாலையில் பிள்ளைகள் பேசிக் கொண்டிருக்கும்போதே வேகமுள் எண்பதைத் தாண்டி விடுகிறது.

காற்றின் கணக்கு

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளும் பலம் இரண்டு மடங்காகும் என்று நான் நினைத்திருந்தேன். தவறு. நாலு மடங்காகிறது! மூன்று மடங்கு வேகத்துக்கு ஒன்பது மடங்கு.

மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, காற்றை நேராக எதிர்க்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேலே ஒன்பது, பத்து கிலோ எடை அளவுக்குக் காற்று தள்ளுகிறது. அதே கார் 90 கிலோமீட்டரில் போனால் அது கிட்டத்தட்ட 38 கிலோ. தார்ப்பாய் மூட்டையைக் காற்று முன்னாலிருந்து பின்னால் தள்ளுகிறது. அடியிலே புகுந்து மேலேயும் தூக்குகிறது. எதிரே ஒரு லாரி வந்தால் திடீரென்று பக்கவாட்டிலும் அடிக்கிறது. ஒரே இடத்தில் நிற்கும்போது ஆட்டி அசைத்துப் பார்த்து, "கெட்டியாக இருக்கிறது" என்று நான் சொன்னேனே, அந்தக் காற்று அப்போது அங்கே இல்லை.

இன்னொரு கணக்கு. மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் ஒரு வினாடிக்கு 20 மீட்டர். அந்த வேகத்தில் போகிற ஒரு பொருளுக்கு உள்ள பலம், 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற பொருளின் பலத்துக்குச் சமம். ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து உங்கள் பிள்ளையின் சைக்கிளைத் தெருவில் நடப்பவர் மேல் போடுவீர்களா? நான் செய்தது ஏறக்குறைய அதுதான்.

எடையையும் பாருங்கள். ஒவ்வொரு காருடனும் கொடுக்கிற கையேட்டில், கூரையிலே எத்தனை கிலோ ஏற்றலாம் என்று போட்டிருக்கும். என் காருக்கு 50 கிலோ. அதை நான் படித்ததே விபத்துக்குப் பிறகுதான்! என் சைக்கிள் 18 கிலோ, மகனுடையது 12, கூடாரமும் கம்பிகளும் 10, தார்ப்பாயில் சுற்றிய மற்றச் சாமான் 20. மொத்தம் 60 கிலோ. கேரியர் இருந்திருந்தால் அதன் எடையையும் இதிலேயே சேர்க்க வேண்டும். தலைக்கனம் மனிதனுக்கு மட்டுமல்ல, காருக்கும் ஆகாது. தலை கனத்தால் வளைவிலே வண்டி சாயும். நாங்கள் போகவிருந்தது ஏலகிரி. அங்கே ஏறும் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள்!

சட்டம் என்ன சொல்கிறது?

விபத்துக்குப் பிறகு சட்டத்தைப் புரட்டினேன். பலருக்கும் இது தெரியாது என்பதால் சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தினார்கள். அதன்படி, வண்டியில் ஏற்றிய சாமான் பக்கவாட்டிலோ, முன்னாலோ, பின்னாலோ, உயரத்திலோ அனுமதித்த அளவுக்கு மேல் நீட்டிக் கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். அதோடு சாமானை இறக்குகிற செலவும் நம் தலையிலே. லாரிக்கு மட்டும் என்று அதில் எழுதவில்லை. மோட்டார் வாகனம் என்றுதான் இருக்கிறது.

காரின் எண் பலகை மறையக் கூடாது. பின்னால் சைக்கிள் மாட்டினால் பெரும்பாலும் அது மறைந்து விடுகிறது. சிவப்பு விளக்கும் பாதி மறைகிறது. பின்னால் வருகிறவருக்கு நாம் பிரேக் போடுவது எப்படித் தெரியும்?

கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதும் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியாகச் சொல்லி விட்டது.

சரி, திருகிப் பொருத்தி, வேண்டும்போது கழற்றி வைக்கும் சைக்கிள் கேரியர் இந்த மாற்றத்தில் சேருமா, சேராதா? கடைகளில் பகிரங்கமாக விற்கிறார்கள். வாங்கி மாட்டினால் ஒரு செக்போஸ்டில் ஒன்றும் சொல்லாமல் விடுகிறார்கள். அடுத்த செக்போஸ்டில் ஓரம் கட்டச் சொல்கிறார்கள். விற்பது சரி, மாட்டுவது தப்பு என்றால் வாங்கியவன் என்ன செய்வான்?

இங்கேதான் சர்க்காருக்கு என் வேண்டுகோள். தெளிவாக ஒரு விதியைச் சொல்லி விடுங்கள். எந்த மாதிரிக் கேரியர், எத்தனை கிலோ, எத்தனை அகலம், எத்தனை வேகம் என்று வரையறுங்கள். இங்கிலாந்தில் பின்னால் மாட்டிய சைக்கிள் எண் பலகையை மறைத்தால், கேரியரிலே இன்னொரு எண் பலகை மாட்ட வேண்டும். விளக்கை மறைத்தால் விளக்கும் மாட்ட வேண்டும். அவ்வளவுதான்! அது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. நம் ஊரிலும் செய்யலாம். விற்கிற கடைக்காரரே பொருத்திக் காட்டிச் சொல்லிக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்றும் விதி போடலாம்.

மூட்டை தூக்கியவர் நடத்திய பாடம்

2020-ம் ஆண்டு மே மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். கொரோனா காரணமாகக் கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்கள். காய்கறி மொத்த வியாபாரம் எங்கள் திருமழிசைக்கு வந்தது. செப்டம்பர் கடைசி வரை இங்கேதான் நடந்தது. இராத்திரி முழுவதும் லாரிகள். வெங்காய மூட்டை, தக்காளிப் பெட்டி, முட்டைக்கோசு. ஊரே தூங்கவில்லை.

அந்த நாட்களில் லாரிகளில் சாமான் ஏற்றிய பெரியவர் ஒருவரை டீக்கடையில் அடிக்கடி பார்ப்பேன். வயது அறுபதுக்கு மேல். விபத்து நடந்த மறு வாரம் என் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எந்தக் கயிறு?" என்று கேட்டார்.

"பிளாஸ்டிக் கயிறு. புதுசு."

"அங்கேயே போச்சு, தம்பி. பிளாஸ்டிக் வழுக்கும். புதுசுன்னா இன்னும் வழுக்கும். நைலான் என்றால் இழுக்க இழுக்க நீளும். ஒரு முடிச்சு, ஒரு கயிறுன்னு நம்பவே கூடாது. ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு தாங்கணும்."

பிறகு என் வீட்டுக்கு வந்தார். சைக்கிளையும் காரையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சாமானைக் கட்டுறதுக்கு முன்னாடி அதை அசையாம உட்கார வைக்கணும். உட்காராத சாமானை எத்தனை கயிறு போட்டாலும் கட்ட முடியாது. முன்னாலே போகாம ஒரு கட்டு, பின்னாலே போகாம ஒரு கட்டு, மேலே எழும்பாம ஒரு கட்டு. பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு இறங்கிப் பாரு. கயிறு கட்டாயம் தளர்ந்திருக்கும். திரும்ப இறுக்கு. லாரிக்காரன் டீ குடிக்க நிறுத்துறான்னு நினைக்கிறியா? தார்ப்பாயைப் பார்க்கத்தான் நிறுத்துறான்!"

தேர் இழுப்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். வடம் பிடிப்பவர்களுக்குத்தான் பெயர். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்திலே முட்டுக்கட்டையோடு ஒருவர் நடப்பார். அவர் கண்ணை ஒரு கணம் மூடினால் தேர் நிலைக்கு வந்து சேராது. அந்தப் பெரியவர் பேசியபோது எனக்கு அந்த முட்டுக்கட்டைக்காரர்தான் நினைவுக்கு வந்தார்.

எப்படி ஏற்றுவது?

பெரியவர் சொன்னதையும், கையேட்டில் படித்ததையும், பட்டு அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாவது, முடிந்த வரை உள்ளேயே வையுங்கள். சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றினால் பாதி இடம் போதும். பின் சீட்டை மடக்கினால் சிறுவர் சைக்கிள் ஒன்று தாராளமாக உள்ளே போகும். செயின் எண்ணெய் சீட்டில் படாமல் ஒரு பழைய வேட்டியைச் சுற்றி விடுங்கள். உள்ளே இருக்கும் சாமானையும் கட்டத்தான் வேண்டும். திடீரென்று பிரேக் போட்டால் இட்லிப் பானை முன்னாலே பறந்து வரும். கனமான சாமான் கீழே, லேசானது மேலே. முன் சீட்டின் முதுகோடு ஒட்டி இருக்கட்டும்.

இரண்டாவது, மேலேதான் ஏற்ற வேண்டும் என்றால், உங்கள் காருக்கென்றே செய்த கேரியரைப் பொருத்துங்கள். போர்வையும் கயிறும் கேரியர் ஆகாது. பல் சக்கரம் வைத்து இறுக்கும் பட்டைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வாங்குங்கள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் குறைந்தது மூன்று இடத்தில் கட்டு. கைப்பிடி திரும்பாமல் தனியாக ஒரு கட்டு. என் சைக்கிள் விழக் காரணமே அந்தக் கைப்பிடிதான்!

மூன்றாவது, பம்பு, தண்ணீர்ப் பாட்டில், குழந்தை மாட்டிய மணி, கூடை எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வையுங்கள். ஆடுகிற சாமான்தான் முதலில் விழும். பட்டையின் நுனியையும் சுருட்டிக் கட்டி விடுங்கள். காற்றிலே படபடத்தால் அதுவே முடிச்சை அவிழ்த்து விடும்.

நான்காவது, மேலே நிற்க வைத்த சைக்கிளோடு காரின் உயரம் இரண்டரை மீட்டருக்கு மேல் போகும். ஓட்டலின் அடித்தளத்தில் கார் நிறுத்தும் இடம், தாழ்ந்த வளைவு, மரக்கிளை, இரும்புத் தடுப்பு, எல்லாம் எதிரிகள். மறந்து விடுவோம். ஆகையால் உயரத்தை ஒரு காகிதத்தில் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டி வையுங்கள்.

ஐந்தாவது, வேகம். சாமான் ஏற்றிய கார் சாமான் வண்டிதான். குடும்பக் கார் என்ற நினைப்பை விட்டு விடுங்கள். அறுபது, எழுபதுக்குள் போங்கள். அரை மணி தாமதமானால் ஏலகிரி மலை எங்கும் ஓடிப் போய் விடாது.

கேஸ் சிலிண்டர் வேண்டாம்!

இன்னொரு தவறையும் ஒப்புக் கொள்ள வேண்டும். அன்று என் காரின் டிக்கியில் ஒரு சின்ன கேஸ் சிலிண்டரும் இருந்தது. "போகிற இடத்தில் டீ போடலாமே" என்ற ஆசை.

2023 ஆகஸ்டு 26-ந்தேதி மதுரை ரெயில் நிலையத்தில் நடந்ததை யாரும் மறக்க முடியாது. லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றி எரிந்தது. 9 பேர் இறந்தார்கள். விதிக்கு மாறாக உள்ளே எடுத்து வந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரெயில்வே அறிவித்தது. அவர்களும் டீ போடத்தான் நினைத்திருப்பார்கள்.

சித்திரை வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய காரின் உள்ளே கை வைக்க முடியாது. அந்த வெப்பத்தில், அந்தச் சின்ன இடத்தில் கேஸ் கசிந்தால் ஒரு பொறி போதும். கட்டுச்சோறு கட்டிக் கொண்டு போங்கள். புளியோதரையும் தயிர்ச்சோறும் நம் முன்னோர் கண்டுபிடித்த பிரயாணச் சாப்பாடு. அடுப்பே வேண்டாம்!

கூடாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ட இடத்தில் அடித்து விடக் கூடாது. காட்டிலே வனத்துறை அனுமதி இல்லாமல் தங்கக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்ததை நினைத்துப் பாருங்கள். நாங்கள் தெரிந்தவர் தோட்டத்தில், அவர் சம்மதத்தோடு தங்கத்தான் ஏற்பாடு செய்திருந்தோம்.

"அங்கேயே வாடகைக்கு எடு!"

என் மனைவி கேட்டாள்: "இத்தனை பாடு எதற்கு? ரெயிலிலே போகலாம். அங்கே வாடகைச் சைக்கிள் கிடைத்தால் ஓட்டலாம். இல்லாவிட்டால் நடக்கலாம்."

அதிலே நியாயம் இருக்கிறது. ஏலகிரிக்கு ஜோலார்பேட்டை வரை ரெயில் இருக்கிறது. சைக்கிளைக்கூட ரெயில் பார்சலில் பதிவு செய்து அனுப்பலாம். ஒரு நாள் போய் வருகிறவர்களுக்கு அதுவே நல்லது. காரிலேதான் போக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை.

ஆனால் பிள்ளைக்குத் தன் சைக்கிள் என்பது வேறு. சீட்டின் உயரம் அவனுக்குத் தகுந்தது. பிரேக்கின் பிடி அவன் கைக்குப் பழகியது. பழகாத சைக்கிளை மலைச் சரிவிலே கொடுப்பதும் ஆபத்துத்தான். ஆகையால் எடுத்துப் போகிறவர்கள் எடுத்துப் போகட்டும். ஒழுங்காக எடுத்துப் போகட்டும் என்பதே என் வாதம்.

ஏன் தூக்கிக் கொண்டு போகிறோம்?

இவ்வளவும் யோசித்த பிறகு, ஒரு நாள் இரவு எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது. திருமழிசைப் பையன் சைக்கிள் ஓட்ட, சுமார் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஏலகிரிக்கு ஏன் போக வேண்டும்?

பதில் எளிது. எங்கள் ஊரில் அவன் சைக்கிள் ஓட்ட இடம் இல்லை!

ஒரு பக்கம் நெடுஞ்சாலை. இன்னொரு பக்கம் தொழிற்பேட்டைக்குப் போகும் லாரிகள். சர்வீஸ் ரோட்டிலே எதிர்த் திசையில் வரும் வண்டிகள். சந்துகளில் நிறுத்தி வைத்த கார்கள்; அவற்றில் என்னுடையதும் ஒன்று. அம்பத்தூரிலே 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி ஆரம்பமானது. ஹெர்குலிசும் பி.எஸ்.ஏ.யும் அங்கிருந்து நாடு முழுவதும் போயின. எங்கள் அப்பா அந்தச் சைக்கிளில்தான் பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் வேலைக்குப் போய் வந்தார். அந்த வட்டாரத்திலே இன்று ஒரு பிள்ளை பயமில்லாமல் சைக்கிள் ஓட்ட முடியவில்லை!

பிளஸ்-ஒன் மாணவர்களுக்கு அரசாங்கம் இலவசச் சைக்கிள் கொடுக்கிறது. நல்ல திட்டம். சைக்கிளைக் கொடுத்தவர்கள் அதை ஓட்ட ஓர் ஓரத்தையும் கொடுக்க வேண்டாமா? கார் வைத்திருக்கிறவன் மலைக்குத் தூக்கிக் கொண்டு போகிறான். கார் இல்லாத வீட்டுப் பிள்ளை எங்கே போவான்?

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டா. அங்கே 1974-ல் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சில சாலைகளில் மோட்டார் வண்டிகளை நிறுத்தி விட்டு, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் திறந்து விடுகிறார்கள். இப்போது வாரா வாரம் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைகள்! சென்னை பெசன்ட் நகரிலும் 2014-ல் ஞாயிறு காலைகளில் இப்படிச் செய்து பார்த்தார்கள். குழந்தைகள் கும்பல் கும்பலாக வந்தார்கள்.

திருமழிசையில் நெடுஞ்சாலையை மூடச் சொல்லவில்லை. அது முடியாது. ஊருக்குள்ளே ஒரு தெரு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை, இரண்டே மணி நேரம். இரண்டு பக்கமும் ஒரு தடுப்பு. பேரூராட்சி மனம் வைத்தால் செலவே இல்லாமல் செய்யலாம். தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையின் ஓரத்தில் சைக்கிளுக்கு என்று ஒரு கோடு போட்டு, அதிலே லாரி நிற்காமல் பார்த்துக் கொண்டால், ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளிக்கும் அது உயிர்க்கோடு ஆகும்.

மறுபடியும் புறப்பட்டோம்

ஆடி மாதம் மறுபடியும் ஏலகிரிக்குப் போனோம். சின்னச் சைக்கிளைச் சக்கரம் கழற்றி உள்ளே வைத்தோம். என் சைக்கிள் வீட்டிலேயே நின்றது. கூடார மூட்டை டிக்கியில். கூரை காலி. சிலிண்டர் கிடையாது. புளியோதரை இரண்டு டப்பா.

புறப்படுவதற்கு முந்தின நாள், விழுந்து எழுந்த அந்தத் தொழிலாளியின் வீட்டுக்குப் போனேன். காயம் ஆறி இருந்தது. அவருடைய மகனுக்கு என் மகன் வயதுதான். இருவரும் தெருவிலே நின்று பேசிக் கொண்டிருந்தார்கள். எதைப் பற்றி? சைக்கிளைப் பற்றித்தான். "எனக்கும் ஓட்டத் தெரியும். எங்க தெருவிலே லாரி வரும், அம்மா விட மாட்டாங்க" என்றான் அந்தப் பையன்.

அவர் அன்று ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்விக்கு, என் பிள்ளையின் சைக்கிளை நன்றாகக் கட்டுவது பாதிப் பதில். அவர் பிள்ளையும் பயமில்லாமல் சைக்கிள் ஓட்ட ஒரு தெரு கிடைப்பது மீதிப் பதில்.

மறு நாள் போகும் வழியில் என் மகன் சொன்னான்: "அப்பா, பத்து கிலோமீட்டர் ஆயிடுச்சு. நிறுத்துங்க. கட்டைப் பார்க்கணும்."

ஓரம் கட்டி நிறுத்தினேன். உள்ளே வைத்த சைக்கிள்தான். விழாது. ஆனாலும் அவன் கதவைத் திறந்து, ஒவ்வொரு பட்டையாக இழுத்துப் பார்த்தான். ஒன்று கொஞ்சம் தளர்ந்திருந்தது. இறுக்கினான்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு புறப்படுகிற தகப்பன்மார்களே, பத்தாவது கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்துங்கள். பின்னால் ஒருவர் வந்து கொண்டிருக்கிறார். அவருக்கும் வீட்டிலே பிள்ளை இருக்கிறது.